காய்ச்சக்கார ரொட்டி

எங்க ஊர்ப்பக்கம் பிரெட் என்பது பலகாரம் இல்லீங்க, மருந்து. காய்ச்சல் வந்தவரைப் பார்க்கப் போகிறவர்கள் நாலு சாத்துக்குடியும் ஒரு பிரெட் பாக்கெட்டும் வாங்கிக்கொண்டு போவார்கள். நல்லா இருக்கிற ஆள் போய் பிரெட் கேட்டால், "வீட்ல யாருக்குங்க ஒடம்பு செரியில்ல?" என்றுதான் கடைக்காரர் கேட்பார்.

போன மாதம் எங்க அம்மாவுக்குக் காய்ச்சல். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது, வாய்க்கசப்பு விடவில்லை. கஞ்சி வைத்தால் ரெண்டு வாய், அதோடு சரி. விடியுமுன்னே எழுந்து பால் கறக்கிற மனுஷி, கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. மாட்டைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அதுதான் பயம்.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் புண்ணியத்தில் அலமாரியில் மூன்று பிரெட் பாக்கெட். பாலில் தொட்டுக் கொடுத்தேன். "இதத் தின்னாத்தான் கண்ணு நான் சீக்காளின்னே நெனப்பு வருது" என்று தள்ளி வைத்துவிட்டார்கள்.

சென்னையில் இருக்கும் மகளிடம் போனில் புலம்பினேன். "அதையே முட்டையில தோச்சு காரமா சுட்டுக் குடுங்கப்பா. பிரெஞ்ச் டோஸ்ட்" என்றாள். பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு 'வீணாய்ப்போன ரொட்டி' என்ற பொருளில்தான் பெயர் வைத்திருக்கிறார்களாம். அட, நம்ம பழைய சோத்துக் கணக்குதான்!

மறுநாள் காலையில் வீட்டுக்காரி ஊரில் இல்லை. நானே இறங்கினேன். ஆறு துண்டு பிரெட்டுக்கு நாலு நாட்டுக்கோழி முட்டை. கடை முட்டை பெரிசு, மூன்று போதும். உப்பு, மஞ்சள்தூள், இடித்த மிளகு, ரெண்டு கரண்டி பால் விட்டு நன்றாக அடித்துக்கொள்ளணும். நடுவில் வைக்க, கொல்லையில் ஒடித்த முருங்கைக்கீரை. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் வதக்கி, கீரையைப் போட்டு, தண்ணீர் இல்லாமல் சுண்டவிட வேண்டும். ஈரம் இருந்தால் ரொட்டி சொதசொதன்னு ஆகிவிடும்.

வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். கட்டிலில் இருந்து குரல் வந்தது: "மாட்டுக்கு அரியற மாதிரி அரியாத. பொடியா அரி."

புது பிரெட் முட்டையில் போட்டதும் கரைந்துவிடும். ரெண்டு மூணு நாள் காய்ந்ததுதான் பிய்யாமல் முட்டையைக் குடிக்கும். பூஞ்சை பிடித்திருந்தால் மட்டும் தூர எறிந்துவிடுங்கள். தோசைக்கல்லில் கடலெண்ணெய் விட்டு ரெண்டு துண்டு போட்டு, ஒரு பக்கம் சிவந்ததும் திருப்பி, ஒன்றின் மேல் கீரையை வைத்து மற்றதால் மூடிக் கரண்டியால் அழுத்தணும். தீ சிறுசாகவே இருக்கட்டும். நான் முதல் ஈட்டுக்குத் தீயைக் கூட்டிவிட்டேன். வெளியே கருகி, உள்ளே பச்சை முட்டை. அது நாய்க்குப் போனது.

ரெண்டாவதை அம்மா கையில் கொடுத்தேன். பிரெட் என்று சொல்லவில்லை. முகர்ந்து பார்த்தார்கள், ஒரு ஓரம் கடித்தார்கள். "முருங்கக்கீரையா?" அவ்வளவுதான் பேச்சு. முழுசும் உள்ளே போனது, இன்னொரு பாதியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். கையைத் துடைத்துக்கொண்டு, "செவலைக்குத் தண்ணி காட்டுனியா?" என்றார்கள்.

நான் பதில் சொல்லாமல் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். கண் கலங்கிவிட்டது, வெங்காயம் அரிந்த கை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நேற்று நானே போய் ஒரு பாக்கெட் வாங்கினேன். கடைக்காரர் வழக்கம்போல யாருக்கு என்றார். "யாருக்கும் இல்லீங்க, எல்லாரும் நல்லாத்தான் இருக்கறோம்" என்றேன்.