தோண்டியவர் மூட வேண்டும்

இங்கிலாந்தில் எல்லாச் சாலைகளையும் அரசாங்கம் பராமரிப்பதில்லை. 1972-இல் எடுத்த ஒரு கணக்கெடுப்பின்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து சுமார் 40,000 சாலைகள் உள்ளாட்சி மன்றத்தின் பொறுப்பில் வராதவை. நீளத்தில் ஏறக்குறைய 4,000 மைல்! இந்தச் சாலைகளில் குழி விழுந்தால் கவுன்சிலுக்குப் போன் போட்டுப் பயனில்லை. அங்கே குடியிருப்பவர்கள்தான் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுச் சரி செய்ய வேண்டும். பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, வீட்டுக்கு முன்னால் பாதிச் சாலை வரை அந்தந்த வீட்டுக்காரருக்கே சொந்தம் என்பது அங்குள்ள சட்டத்தின் பொதுவான அனுமானம்.

இப்படி ஒரு சாலையில் பன்னிரண்டு வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இருக்கும் பெரிய தோட்டத்தை ஒரு பில்டர் வாங்குகிறார். நான்கு புது வீடுகள் கட்ட அனுமதியும் கிடைத்துவிடுகிறது. அந்த வீடுகளுக்குத் தண்ணீர், கழிவுநீர், மின்சாரம், இணையம் எல்லாம் இந்தச் சாலைக்கு அடியில்தான் வர வேண்டும். போன வருடம் பன்னிரண்டு குடும்பங்களும் பணம் போட்டுத் தார் போட்ட சாலை அது. இனி அதை யார் தோண்டுவார்கள், யார் மூடுவார்கள்?

முதலில் ஒன்று. கட்டட அனுமதி கிடைத்ததாலேயே அடுத்தவர் நிலத்தைத் தோண்டும் உரிமை வந்துவிடாது. அந்த வழியாகப் போய்வர உரிமை இருந்தாலும், அது நடக்கவும் வண்டி ஓட்டவும்தான். குழாய் பதிக்கும் உரிமை தனி. அதைப் பத்திரத்தில் காட்ட வேண்டும், இல்லையென்றால் உரிமையாளர்களிடம் கேட்டுப் பெற வேண்டும்.

தோண்டிய பிறகு என்ன என்பதற்கு 1991-ஆம் ஆண்டின் புதிய சாலைகள் மற்றும் தெருப் பணிகள் சட்டத்தில் பதில் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் 'தெரு' என்றால் பொதுச் சாலை மட்டுமல்ல, தனியார் சந்தும் அதில் அடங்கும். சட்டப்படி அதிகாரம் பெற்ற தண்ணீர், மின்சார நிறுவனங்கள் தவிர வேறு யார் குழாய் பதித்தாலும் 50-ஆம் பிரிவின்படி உரிமம் வேண்டும். தனியார் சாலையில் அந்த உரிமத்தைக் கொடுக்க வேண்டியவர்கள் சாலையை நிர்வகிப்பவர்கள். வேலை செய்தவரே தெருவைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 70-ஆம் பிரிவு சொல்கிறது. பில்டர் உரிமம் வாங்கியிருந்தால் அந்தக் கடமை அவருடையது. "காண்டிராக்டர்தான் தோண்டினார், அவரைக் கேளுங்கள்" என்று நழுவ முடியாது.

ஆனால் தண்ணீர்க் குழாயைத் தண்ணீர் நிறுவனமே தன் அதிகாரத்தில் பதித்தால், மூடும் கடமை அந்த நிறுவனத்துக்கு. மின்சாரக் கேபிளுக்கு மின்சார நிறுவனம். ஒரே சாலையில் நான்கு பள்ளம், நான்கு பேர் பொறுப்பு! சாலை அமுங்கினால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார்.

சாலை ஏன் அமுங்குகிறது? பள்ளத்தை ஒரே மூச்சில் மண் கொட்டி மூடிவிட்டு மேலே மட்டும் இறுக்கினால், அடியில் மண் தளர்வாகவே இருக்கும். அடுக்கு அடுக்காகக் கொட்டி ஒவ்வொரு அடுக்கையும் இறுக்க வேண்டும். பழைய தாரும் புதிய தாரும் சேரும் விளிம்பை அடைக்காவிட்டால் அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும். குளிர்காலத்தில் அது உறைந்து விரியும். வேலை முடிந்த அன்று எல்லாம் பளபளவென்றுதான் இருக்கும். ஒரு வருடம் கழித்துத்தான் வண்டவாளம் தெரியும். இதனால்தான் பொதுச் சாலைகளுக்கான விதிமுறையில், மூடிய இடத்துக்கு இரண்டு வருட உத்தரவாதம் உண்டு. குழாய் 1.5 மீட்டருக்கு மேல் ஆழத்தில் இருந்தால் மூன்று வருடம். பொதுச் சாலையில் இதைச் சோதித்துப் பார்க்கக் கவுன்சில் இருக்கிறது. தனியார் சாலையில் குடியிருப்பவர்களேதான் பார்க்க வேண்டும்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. 70-ஆம் பிரிவின் கடமை தோண்டிய வேலையோடு நின்றுவிடும். செங்கல்லும் ஜல்லியும் ஏற்றி மாதக்கணக்கில் ஓடிய லாரிகள் மீதிச் சாலையை நொறுக்கினால்? பொதுச் சாலை என்றால், அளவுக்கு மீறிய போக்குவரத்தால் வந்த செலவை 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவில் நெடுஞ்சாலைத் துறை வசூலிக்கலாம். தனியார் சாலைக்காரர்களுக்கு அந்த வசதி கிடையாது. சேதத்தை அவர்களே நிரூபித்து வழக்குப் போட வேண்டும்.

ஆக, சட்டம் பாதி வேலையைத்தான் செய்கிறது. மீதிப் பாதி மண்வெட்டி விழுவதற்கு முன்னால் காகிதத்தில் நடக்க வேண்டும். முன்பிருந்த நிலைக்குச் சாட்சியாகச் சாலை முழுவதையும் தேதியோடு போட்டோ எடுத்து இரு தரப்பும் கையெழுத்துப் போடுவது முதல் வேலை. எந்த நிறுவனம் பள்ளம் தோண்டினாலும் குடியிருப்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பில்டர் ஒருவரே என்று எழுதுவது அடுத்தது. பல ஒட்டுப் போடுவதற்குப் பதில், கடைசியில் முழு அகலத்துக்கும் ஒரே தார்ப் பூச்சு என்று கேட்கலாம். பொதுச் சாலையின் இரண்டு, மூன்று வருட உத்தரவாதத்தையும் அப்படியே எழுதி வாங்கலாம்.

இதைச் சாதாரண ஒப்பந்தமாக எழுதினால், மீறிய நாளிலிருந்து ஆறு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். முறையான பத்திரமாக எழுதினால் பன்னிரண்டு வருடம்.

எல்லாவற்றையும் விட முக்கியம் பணம். ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு தனிக் கம்பெனி தொடங்கி, வீடுகள் விற்றதும் அதை மூடிவிடுவது பல பில்டர்களின் வழக்கம். சாலை அமுங்கும்போது வழக்குப் போடக் கம்பெனியே இருக்காது! அதனால் ஒரு தொகையை வக்கீல் கணக்கில் டெபாசிட்டாக வாங்கி வைத்து, உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு திருப்பிக் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

இதில் பில்டருக்கும் நஷ்டமில்லை. அவர் விற்கப் போகும் நான்கு வீடுகளுக்கும் அதுதான் வழி. ஒழுங்காக மூடினால் டெபாசிட் திரும்பி வரும். மூடாவிட்டால், அந்தப் பணத்தில் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் மூடிக்கொள்வார்கள். கையெழுத்து வாங்க வேண்டிய நேரம் பள்ளம் தோண்டுவதற்கு முன்புதான். குழாய் உள்ளே போன பிறகு பில்டருக்கு அவர்களிடம் கேட்க எதுவும் இருக்காது.