மாமியார் எழுதிய கடிதம்

போன ஏப்ரல் பள்ளி விடுமுறையில் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து குருமானுக்குக் காரில் போய் வந்தோம். நான், மனைவி, ஆறு வயது மகள். மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். அதனால் மூன்றரைப் பேர் என்றும் சொல்லலாம்.

"அங்க என்ன இருக்கு?" என்று கேட்காத நண்பர்கள் இல்லை. இங்குள்ள தமிழர்கள் விடுமுறை என்றால் டர்பன் கடற்கரைக்கோ க்ரூகர் காட்டுக்கோதான் போவோம். குருமான் நேர் எதிர்த் திசை. மேற்கே சுமார் 550 கிலோமீட்டர், கலஹாரிப் பாலைவனத்தின் ஓரம். பள்ளிக்கூடத்தில் டேவிட் லிவிங்ஸ்டன் பற்றிப் படித்திருப்பீர்கள். விக்டோரியா அருவியை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்திய மனிதர். அவருடைய மாமனார் வீடு குருமானில் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் போகிறோம் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. லாகோஸில் ஒரு வங்கிக்கு மென்பொருள் மாற்றும் வேலை. இரண்டு வருஷம். ஜூன் முதல் வாரம் அங்கே இருக்க வேண்டும், குடும்பத்தோடும் வரலாம், திங்கட்கிழமைக்குள் பதில் சொல் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். கூடவே பதவி உயர்வு. எனக்குப் போக ஆசை. மனைவியிடம் சொன்னேன். "சரி, போகலாம்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

கோவில்பட்டியிலிருந்து என் மாமியார் அனுப்பிய வாட்ஸ்அப் குரல்செய்திதான் நீளம். "மாப்ள, வயித்துப்பிள்ளைக்காரியக் கூட்டிக்கிட்டு ஊர் ஊரா அலையணுமா? மலேரியாக் காய்ச்சல் உள்ள ஊருங்காங்க. சின்னப்பிள்ள வேற இருக்கு. எனக்குத் தோணுனத சொல்லிட்டேன், அப்புறம் உங்க இஷ்டம்." நான் பதில் போடவில்லை. நீல டிக் மட்டும் அவருக்குப் போயிருக்கும்.

விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். என்14 நெடுஞ்சாலை. முதல் பாதி முழுக்க மக்காச்சோளக் காடு, தானியம் சேர்த்து வைக்கும் உயரமான சிலோக்கள். ஃப்ரைபர்க் தாண்டியதும் பயிர் குறைந்து புல்லும் முள் மரமும்தான். கரிசல் காட்டில் வளர்ந்த எனக்கு அந்த வறட்சி பழகின ஒன்று. மண் மட்டும் கறுப்பில்லை. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காடு மாதிரி சிவப்பு.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு ஊற்று இருக்கிறது. குருமானின் 'கண்' என்று அதற்குப் பெயர். பாறைக்கு அடியிலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 2 கோடி லிட்டர் தண்ணீர் வருகிறது. செட்ஸ்வானா மொழியில் அந்த இடம் கா-செகொன்யானா, சின்னத் தண்ணீர்க் குடுக்கை. நகராட்சிக்கும் இப்போது அதே பெயர்தான். அல்லி இலைகளுக்கு நடுவே ஓடும் மீன்களை விட்டு மகளைக் கிளப்பவே அரைமணி ஆயிற்று. இந்தத் தண்ணீரை நம்பித்தான் ராபர்ட் மொஃபாட்டும் மேரி மொஃபாட்டும் 1820-களில் இங்கே குடியேறினார்கள்.

மிஷன் வளாகம் ஊருக்கு வடக்கே, ஹோட்டசெல் போகும் சாலையில், ஐந்து கிலோமீட்டர் தூரம். வாசலில் எங்களை வரவேற்ற அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். "துமேலா ரா, துமேலா மா" என்றார். ஐயா வணக்கம், அம்மா வணக்கம் என்று அர்த்தம். என் மகள் டக்கென்று "துமேலா மா" என்று திருப்பிச் சொன்னாள். பள்ளியில் தோழிகளிடம் கற்றதாம். வீட்டில் நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற பிள்ளை!

முதலில் ஆலயத்தைக் காட்டினார். கல் சுவர், கூரைப் புல் வேய்ந்த முகடு. 1838-இல் கட்டி முடித்தது. நூற்றுக்கணக்கானோர் உட்காரலாம். அண்ணாந்து பார்த்தால் பெரிய பெரிய உத்திரங்கள். இந்தப் பக்கம் அவ்வளவு பெரிய மரம் ஏது? வடகிழக்கே நூற்றுக்கணக்கான மைல் தள்ளி வெட்டி, மாட்டு வண்டிகளில் இழுத்து வந்தார்களாம்.

அங்கிருந்து வீடு. பெரிய மாளிகையை எதிர்பார்க்காதீர்கள். தடித்த சுவர், தாழ்ந்த வாசல், புல் கூரை. ராபர்ட் ஸ்காட்லாந்துக்காரர், அடிப்படையில் தோட்டக்காரர். மேரி, அவர் இங்கிலாந்தில் வேலை பார்த்த நாற்றுப் பண்ணை முதலாளியின் மகள். பெண்ணை ஆப்பிரிக்காவுக்கு அனுப்ப வீட்டில் சம்மதிக்கவே இல்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்து, தனியாகக் கப்பலேறி, 1819 டிசம்பரில் கேப் டவுனில் கல்யாணம் செய்துகொண்டார். அதன்பிறகு மாட்டு வண்டியில் வடக்கே பயணம்.

ஊழியம் என்றால் பிரசங்கம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இந்த வீட்டில் அது கடைசியாக வருகிற வேலை. ராபர்ட் கொல்லர், தச்சர், வாய்க்கால் வெட்டுகிறவர். ஆற்றுத் தண்ணீரை மைல் கணக்கில் வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்தார்கள். முதல் வருஷங்களில் ஊர்ப் பெண்கள் அந்த வாய்க்காலைத் தங்கள் தோட்டத்துப் பக்கம் வெட்டிவிட்டுக்கொண்டார்கள். நடுராத்திரியில் மண்வெட்டியோடு போய்த் திருப்ப வேண்டியிருந்தது என்று மொஃபாட் தன் புத்தகத்தில் குறைப்பட்டிருக்கிறார். எனக்கு அந்தப் பெண்கள் பக்கமும் புரிந்தது. தண்ணீர் அவர்கள் ஊர்த் தண்ணீர்தானே! மழை பொய்த்தபோது இந்த வெள்ளைக்காரர்கள் வந்ததால்தான் என்று சொல்லி, ஈட்டியோடு வந்து கிளம்பச் சொன்னதும் நடந்திருக்கிறது. அப்போது மேரி கைக்குழந்தையோடு வாசலில் நின்றிருந்தார்.

மேரியின் நாள் எப்படிப் போயிருக்கும்? கொழுப்பை உருக்கி மெழுகுவத்தி ஊற்ற வேண்டும், சோப்புக் காய்ச்ச வேண்டும், பெண்களுக்குத் தையல் சொல்லித்தர வேண்டும், வருகிற போகிற எல்லோருக்கும் சமைக்க வேண்டும். இடையில் பத்துப் பிள்ளைகள் பிறந்தன. எல்லாம் பிழைக்கவில்லை.

என் மனைவியை நிறுத்தியது வேறொரு விவரம். மேரி ஊருக்கு எழுதிய கடிதம் ஒன்றில், வாரம் ஒரு தடவையாவது எல்லா அறைகளையும் மாட்டுச் சாணியால் மெழுகுகிறோம் என்று எழுதியிருக்கிறார். ஆரம்பத்தில் அருவருப்பு. தள்ளிப்போட்டுப் பார்த்தார். பிறகு, தூசி அடங்குகிறது, தெள்ளுப்பூச்சி சாகிறது என்று கண்டு, மெழுகிய தரையைப் பார்த்தால் இங்கிலாந்தில் நன்றாகத் தேய்த்துக் கழுவிய அறையைப் பார்த்த திருப்தி வருகிறது என்கிறார். சாணியில் தண்ணீர் கலந்து மெல்லிசாகப் பூச வேண்டும் என்று பக்குவமும் சொல்கிறார்.

"எங்க ஆச்சி சொன்ன மாதிரியே இருக்கு" என்று சிரித்தாள் மனைவி. அந்த அம்மாவிடம் சொன்னோம். "உங்கள் ஊரிலுமா?" என்று அவருக்கு ஆச்சரியம். மேரிக்கு அதைக் கற்றுத்தந்தது யாராக இருக்கும் என்று கேட்டேன். "எங்கள் பெண்கள்தான், வேறு யார்?" என்றார்.

மொழியும் அப்படித்தான் வந்தது. ஆரம்பத்தில் ராபர்ட் டச்சு மொழியை வைத்துச் சமாளித்திருக்கிறார். அது போதாது என்று தெரிந்ததும் 1827-இல் குடும்பத்தை விட்டுவிட்டு, வாரக் கணக்கில் ஊருக்கு உள்ளே போய் மக்களோடு மக்களாகத் தங்கிச் செட்ஸ்வானா கற்றார். 1830-இல் லூக்கா சுவிசேஷத்தைக் கேப் டவுனில் அச்சடித்தார். ஒரு அச்சு இயந்திரத்தையும் மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். 1857-இல் முழு பைபிளும் செட்ஸ்வானாவில், இதே குருமானில் அச்சாகி முடிந்தது. தமிழில் புதிய ஏற்பாடு 1715-இல் தரங்கம்பாடியில் அச்சானதே, அதே கதைதான். அந்த இரும்பு இயந்திரம் இன்னும் இங்கே இருக்கிறது. மகள் அதன் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்து, "இது ப்ரின்டரா?" என்று கேட்டாள். ஆமாம், ப்ரின்டர்தான்.

இத்தனைக்கும் முதல் பல வருஷம் ஒருவர்கூட சபையில் சேரவில்லை. இங்கிலாந்திலிருந்து ஒரு சிநேகிதி, "என்ன வேண்டும், அனுப்புகிறேன்" என்று கேட்டபோது, மேரி திருவிருந்துப் பாத்திரங்கள் கேட்டாராம். அப்போது அதில் குடிக்க ஒரு ஆள் கிடையாது. 1829-இல் முதல் ஞானஸ்நானம் நடந்தது. திருவிருந்துக்கு முதல் நாள்தான் அந்தப் பெட்டி வந்து சேர்ந்தது.

தோட்டத்தில் ஒரு வாதுமை மரத்தின் அடிக்கட்டை இருக்கிறது. அதன் நிழலில்தான் லிவிங்ஸ்டன், மொஃபாட்டின் மூத்த மகளிடம் கல்யாணப் பேச்சு எடுத்தாராம். அவள் பெயரும் மேரிதான். 1821-இல் இந்த நாட்டிலேயே பிறந்தவள். செட்ஸ்வானா சரளமாகப் பேசுவாள். சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினாள். 1845 ஜனவரியில் கல்யாணம்.

அந்த மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்துதான் அந்த அம்மா மீதிக் கதையைச் சொன்னார். லிவிங்ஸ்டனுக்கு ஒரு இடத்தில் கால் தரிக்காது. 1850-இல், வயிற்றுப்பிள்ளைக்காரியான மனைவியையும் மூன்று குழந்தைகளையும் வண்டியில் ஏற்றிக் கலஹாரியைக் கடந்தார். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டு திரும்ப வேண்டியதாயிற்று. திரும்பி வந்தபின் பிறந்த பெண் குழந்தை சில வாரங்களில் இறந்தது. அடுத்த வருஷம் மறுபடியும் பயணம். மறுபடியும் அவள் கர்ப்பம். இது தெரிந்ததும் மாமியார் மேரி மொஃபாட் மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தது போதாதா, மற்றவை பிழைத்ததே பெரிசு, கர்ப்பிணியையும் குழந்தைகளையும் காட்டுக்குள் இழுத்துப் போவதா என்று கடுமையாகவே கேட்டிருக்கிறார். அந்தக் கடிதத்தை லிவிங்ஸ்டன் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். அதனால்தான் நமக்குத் தெரிகிறது.

"அவர் என்ன செய்தார்?" என்று கேட்டேன்.

"போனார்" என்றார்.

அந்தக் குழந்தை வழியில் ஒரு ஆற்றங்கரையில் பிறந்தது. பிழைத்தது. 1852-இல் மனைவியையும் நான்கு பிள்ளைகளையும் கப்பலேற்றி பிரிட்டனுக்கு அனுப்பிவிட்டு அவர் உள்நாட்டுக்குப் போனார். ஆப்பிரிக்காவில் பிறந்து வளர்ந்த பெண், குளிர் தேசத்தில் கையில் காசில்லாமல் நாலரை வருஷம் ஓட்டினாள். மறுபடி அவரைத் தேடி ஆப்பிரிக்கா வந்தவள் 1862 ஏப்ரலில், இன்றைய மொசாம்பிக்கிலுள்ள ஷுபாங்காவில், காய்ச்சலில் இறந்தாள். 41 வயது.

"அவங்க என்ன சொன்னாங்க? மகள்? அவங்களுக்குப் போக இஷ்டமா?" இது என் மனைவி.

அந்த அம்மா கையை விரித்தார். கணவன் எழுதியது ஏராளம். அப்பா புத்தகமே எழுதியிருக்கிறார். அம்மாவின் கடிதங்கள் இருக்கின்றன. மகள் மேரி எழுதியவை மிகக் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கின்றன.

மனைவி அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அடிக்கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது, இந்த வளாகம் ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று கேட்டேன். நிறவெறி அரசின் குழுப் பகுதிச் சட்டத்தால் சுற்றியிருந்த கறுப்பின மக்களை வெளியேற்றியதைச் சொன்னார். அவருடைய பாட்டி வீடும் பக்கத்தில்தான் இருந்ததாம். அந்த மக்களின் மொழியில் பைபிள் அச்சடித்த இடத்தில், அவர்கள் குடியிருக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. டர்பன் தமிழர்களுக்கு இந்தச் சட்டத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

திரும்பும் வழியில் ஃப்ரைபர்க் பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். மகள் பின்சீட்டில் தூங்கிவிட்டாள். தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு, "லாகோஸ் பத்தி நீ என்ன நினைக்கிறே? எனக்காக இல்ல. உனக்கு என்ன தோணுது?" என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "மூணு வாரமாச்சு. இப்பத்தான் கேக்குறீங்க" என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். பயமாக இருக்கிறது. பிரசவம் இங்கே, பழகின டாக்டரிடம்தான். தனியாக நான் மட்டும் போவதும் வேண்டாம். பிள்ளை பிறந்து ஆறு மாதம் கழித்து எந்த ஊர் என்றாலும் அவளே யோசித்துச் சொல்கிறாள். "எனக்கும் ஊர் பார்க்க ஆசைதாங்க. இழுத்துட்டுப் போனா ஆசை வராது."

திங்கட்கிழமை மேனேஜருக்கு வரவில்லை என்று எழுதினேன். வேறொருவர் போனார். பதவி உயர்வும் அவரோடு போனது. வருத்தமில்லை என்று சொன்னால் பொய்.

ஆகஸ்டில் பையன் பிறந்தான். மாமியார் வந்திருந்தார். ஒருநாள் குருமான் படங்களைக் காட்டினேன். சாணி விஷயம் கேட்டு, "வெள்ளக்காரியும் மெழுகுனாளாக்கும்!" என்று ஒரே சிரிப்பு. கடிதத்தின் கதையையும் சொன்னேன்.

"அந்த மாப்பிள்ளை கேட்டாரா?" என்றார்.

"கேக்கல அத்தை."

பேரனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "அந்தப் பிள்ளகிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.