சித்தூர் வழியாகத் திருமலைக்கு

காட்பாடியிலிருந்து சித்தூர் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். கிறிஸ்டியான்பேட்டைச் சோதனைச் சாவடியைத் தாண்டிச் சிறிது தொலைவிலேயே கடைப் பலகைகளின் எழுத்து மாறிவிடுகிறது. பலகையின் கீழ் நின்று பேசுவோரின் மொழி அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. களப்பணிக்கென்று பல ஊர்களுக்குச் சென்றிருக்கிறேன். ஆயினும், சென்ற மார்கழியில் எந்த ஆய்வுத் திட்டமும் இன்றி மேற்கொண்ட இந்த மூன்று நாள் பயணமே மனத்தில் மிகுதியாகத் தங்கியிருக்கிறது.

முதலில் ஊர்ப்பெயர். சித்தூர் என்பது சிற்றூர். தெலுங்கர் வாயில் அது சிதைந்துவிட்டது என்று நம்மவர் சிலர் வருந்துவதுண்டு. அந்த வருத்தத்திற்கு அடிப்படை இல்லை. காற்றைக் ‘காத்து’ என்றும் நேற்றை ‘நேத்து’ என்றும் சொல்பவர்கள் நாமே. நம் எழுத்து ‘ற்ற’வைக் காத்துக்கொண்டிருக்க, நம் நா எப்போதோ அதைக் கைவிட்டுவிட்டது. தெலுங்கு எழுத்து, காதில் விழுந்த ஒலியைப் பதிவு செய்து, இறுதியில் தன் இயல்புப்படி ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொண்டது என்று கொள்வதே பொருந்தும். பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூரை மலையாளத்தார் இன்றும் ‘ற்ற’ இட்டே எழுதுகின்றனர். ஒரே பெயர், மூன்று எழுத்துமுறைகள். பழைய வடிவத்தின் தடயம் நாம் எதிர்பாராத இடத்தில் நிற்கிறது.

அடுத்து காணிப்பாக்கம். கண்ணிழந்தவர், செவி கேளாதவர், வாய் பேசாதவர் என மூன்று சகோதரர்கள் தம் நிலத்துக் கிணற்றை ஆழப்படுத்தியபோது பிள்ளையார் வெளிப்பட்டார் என்பது தலபுராணம். காணி என்றால் நன்செய், பாக்கம் என்றால் நீர் பாய்தல் என அங்கே பெயர் விளக்கம் தருகின்றனர். கிணற்றுக் கதைக்கு அது அழகாகப் பொருந்துகிறது, ஊர்ப்பெயராய்வுக்குப் பொருந்தவில்லை. நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம், கேளம்பாக்கம் எனத் தொண்டை மண்டலமெங்கும் விரவிக் கிடக்கும் அதே பாக்கம்தான் இது. ‘காணி’யோ, 1.32 ஏக்கர் என்ற அளவாக நம் உழவரிடம் இன்றும் புழங்கும் சொல். இதைக் கோயில் வாசலில் நின்று யாரிடமும் வாதிட எனக்கு மனம் வரவில்லை. நம்பிக்கையோடு சொல்லப்படும் ஒரு சொல்விளக்கத்திற்கும் அதற்குரிய பயன் உண்டு.

திருமலையில் சொற்களின் நெரிசல் பக்தர்களின் நெரிசலுக்குக் குறைந்ததன்று. ஊஞ்சலுக்குத் தெலுங்கில் ‘ஊயல’ என்ற நல்ல சொல் இருக்க, அங்கே நடப்பது ‘ஊஞ்ஜல் சேவ’. திருமஞ்சனம் திருமஞ்சனமாகவே இருக்கிறது. சாற்றுமுறை ‘சாத்துமொர’ ஆகியிருக்கிறது. இங்கும் அதே ‘ற்ற’. அலர்மேல்மங்கை ‘அலமேலுமங்க’ ஆனபோது மலர் மறைந்து ‘அலமேலு’ என்ற தனிப்பெயர் பிறந்தது. அப்பெயர் பின்னர் நம் வீட்டுப் பெண்களுக்கே சூட்டப்பட்டது. எனக்கு மிகவும் பிடித்தது ‘ஆணிவார ஆஸ்தானம்’. ஆனி மாதம் முடிந்து ஆடி பிறக்கும் நாளில் நடப்பது. 1843 முதல் 1933 வரை மகந்துகள் நிர்வகித்த காலத்தில் கோயிலின் ஆண்டுக் கணக்கு அன்றுதான் தொடங்கிற்று. சந்திரமான ஆண்டைப் பின்பற்றும் தெலுங்கு நாட்டில், ஒரு பெருங்கோயிலின் வரவுசெலவு தமிழ் மாதக் கணக்கில் திறந்திருக்கிறது. நான் சென்றது மார்கழியாதலின் விடியலில் சுப்ரபாதம் இல்லை. அம்மாதம் முழுவதும் ஆண்டாளின் திருப்பாவையே.

இவ்வளவையும் பட்டியலிட்டால், ‘ஆகவே திருப்பதி நம்முடையது’ என்ற முடிவுக்கு ஒரு நொடியில் தாவிவிடலாம். தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தை வடவெல்லையாகச் சொல்வதும், ம.பொ.சி. நடத்திய எல்லைப் போராட்டமும், படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி நம்மிடம் வந்ததும் நாம் அறிந்தவையே. அந்த அரசியலுக்கு நியாயம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சொற்களை நிலப்பட்டாவாகக் காட்டுவது மொழியியல் ஆகாது. ஆண்டாளின் கதையை ‘ஆமுக்தமால்யதா’ எனத் தெலுங்கில் காவியமாக்கியவர் கிருஷ்ணதேவராயர். அவரும் அவருடைய இரு தேவியரும் கைகூப்பி நிற்கும் சிலைகள் இக்கோயிலுக்குள்ளேயே இருக்கின்றன. இதை எந்தப் பட்டாவில் எழுதுவது?

தரிசனம் சில நொடிகள். ‘ஜருகண்டி, ஜருகண்டி’ என்ற குரல் நம்மை வெளியே தள்ளிவிடும். தெலுங்கே அறியாத தமிழரும் மனப்பாடமாக அறிந்த தெலுங்குச் சொல் அதுவாகத்தான் இருக்கும். விரட்டும்போதும் ‘அண்டி’ என்று மரியாதை விகுதி சேர்த்தே விரட்டுகிறார்கள். வெளிவந்து உட்பிராகாரத்தில் சுவரோரமாக ஒதுங்கினேன். தேவஸ்தானத்தின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தமிழில் உள்ளவை என்பதைப் படித்திருக்கிறேன். விரலெட்டும் தூரத்தில் காண்பது வேறு. கைப்பேசிக்கு அனுமதி இல்லாததால் படம் எடுக்க வழியில்லை. கண்ணால்தான் படிக்க வேண்டும். தேய்ந்த கல்லில் ‘ஸ்வஸ்திஸ்ரீ’யும், சற்றுத் தள்ளித் ‘திருவேங்கடமுடையா’ என்பது வரையும் பிடிபட்டன.

“இன்னா கண்ணு எழுதிக்கீது அதுல?”

எழுபது வயதிருக்கும். சித்தூர்ப் பக்கத்துக் கிராமம் என்றார். கையைப் பிடித்துக்கொண்டு பத்து வயதுப் பேத்தி. பெருமாள் பெயர் எழுதியிருக்கிறது என்றேன். “தமிழா?” என்று கேட்டார். ஆமென்றதும் அருகில் வந்து சுவரைத் தொட்டுப் பார்த்தார். தாம் ஐந்தாவது வரை தமிழில் படித்ததாகவும், மகளைத் தெலுங்குப் பள்ளியில் சேர்த்ததாகவும், பேத்தி இங்கிலீஷ் மீடியம் என்றும் சொன்னார். குரலில் குறையேதும் இல்லை. “இங்க பொழைக்கணும்ல” என்று மட்டும் சேர்த்துக்கொண்டார்.

“ஏம் ராசுந்தி அவ்வா?” என்று சிறுமி கேட்டாள். பாட்டி தமிழில் பதில் சொன்னார். அவள் புரிந்துகொண்டு தெலுங்கில் மறுகேள்வி கேட்டாள். இருவரும் எவ்வித இடறலுமின்றி இப்படியே பேசிக்கொண்டனர். கேட்கும் மொழியாக மட்டும் எஞ்சிய தமிழ், அடுத்த தலைமுறையில் அப்படியும் எஞ்சாது என்பதற்கு எங்கள் துறையில் ஏராளமான சான்றுகள் உண்டு. அவற்றைப் பாடநூலில் படிக்கையில் எனக்கு இப்படி நெஞ்சு அடைத்ததில்லை.

லட்டு வரிசையில் மீண்டும் எனக்கு முன்னால் அவர்களே நின்றனர். சிறுமி திரும்பி, “அக்கா, அவ்வானு தமிழ்ல ராசி சூபியண்டி” என்றாள். ஒரு காகிதத்தில் ‘அவ்வா’ என்று எழுதிக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தாள். தெலுங்கில் இரண்டாவது வகரம் முதலாவதன் காலடியில் ஒட்டாகத் தொங்கும். இங்கே இரண்டும் அருகருகே நிற்கின்றன. முதல் வகரத்தின் தலைமேல் இருந்த புள்ளியின் மீது விரலை வைத்து, இது எதற்கு என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் பாட்டி, “அது புள்ளிடீ, மெய்யெழுத்து” என்றார். பிறகு வரிசை நகர்ந்தது.