பிறைக்கு மேல் ஓர் ஓட்டை

அப்பத்தாவின் சுருக்குப் பையில் வெற்றிலை, களிப்பாக்கு, புகையிலைக் காம்பு எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு செப்புக்காசு கிடக்கும். ஒரு பக்கம் நிற்கும் மனித உருவம். மறுபக்கம் படுத்திருக்கும் காளை, அதற்கு மேலே பிறை, கீழே இரண்டு எழுத்து. பிறைக்கு மேல் ஓர் ஓட்டை. அதில் கறுத்துப்போன கயிறு. "சேதுபதி ராசா எங்க ஐயாவுக்குக் கையால குடுத்ததுடா" என்பாள். அவளுடைய ஐயா தேவிபட்டினத்தில் தண்டல். யாழ்ப்பாணத்துக்குத் தோணி ஓட்டியவர்.

ஒன்பது வயதில் அந்தக் காசை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். பச்சைக் களிம்போடு எழுத்தின் கூர்மையும் சேர்ந்து போயிற்று. பளபளவென்று கொண்டுபோய் நீட்டினேன். அப்பத்தா திட்டவில்லை. விரலால் எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவள் இறந்தபோது, உடுத்திய சேலைகளோடு பையும் போய்விட்டது.

காசு போன பிறகும் கதை வளர்ந்தது. புயலில் ராசாவின் கப்பலை ஐயா கரைசேர்த்தார் என்றார் ஒரு சித்தப்பா. காசு மட்டுமா, நிலமும் கிடைத்தது என்றார் இன்னொருவர். கேட்கக் கேட்க எனக்கு உறுத்தியது. 1803இல் சேதுபதிகளின் இராமநாதபுரம் ஜமீன் ஆகிவிட்டது. ஜமீன்தாருக்கு ஏது அக்கசாலை? ஐயா பிறந்ததோ 1880களில். அந்தக் காசை மறுபடி கையில் பிடித்துப் பார்த்தால் ஒழிய இதற்கு முடிவு கிடையாது என்று தோன்றியது. நான் காசு சேர்க்கத் தொடங்கிய கதை இதுதான். சோழன் காசும் பாண்டியன் காசும் நாயக்கர் காசும் வந்து சேர்ந்தன. காளைக்காசு மட்டும் இருபத்திரண்டு வருஷம் வந்து சேரவில்லை.

இராமநாதபுரத்தில் ஒரு பழைய பாத்திரக்கடை. அங்கே வரும் செம்பு, பித்தளையோடு கலந்துவரும் காசுகளைப் பெரியவர் உருக்கப் போடமாட்டார். பிஸ்கட் டப்பாவில் எடுத்து வைப்பார். முதல் நாள் நான் விவரம் சொன்னதும், டப்பாவைக் கிளறி ஒரு காசை எடுத்துத் தராசுத் தட்டில் வைத்தார்.

"படிங்க."

"சேதுபதி."

"எத்தனை எழுத்து?"

"நாலு."

"உங்க அப்பத்தா காசுல?"

"ரெண்டு."

"அப்ப அது எங்க ராசா காசு இல்ல தம்பி. எங்க ராசா தன் பேரைப் பாதியில விடமாட்டாரு."

எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக் கதையை நான் சந்தேகிக்கலாம். கடைக்காரர் எப்படித் தள்ளலாம்? படித்துக்கொண்டு திரும்பிப் போனேன். தென்னாட்டுச் செப்புக்காசுகளில் அச்சு பெரிதாகவும் தகடு சிறிதாகவும் இருப்பது சகஜம். சம்மட்டி விழும்போது பாதி எழுத்து தகட்டுக்கு வெளியே போய்விடும். 'பதி' என்ற மீதி எழுத்து அப்படிப் போயிருக்கலாம் என்று வாதாடினேன். பெரியவர் வெற்றிலையை மென்றபடி கேட்டார்: "அந்த ரெண்டு எழுத்தும் மாட்டுக்குக் கீழ நடுவுல நின்னுச்சா, ஓரத்துல ஒதுங்கி நின்னுச்சா?"

கண்ணை மூடிப் பார்த்தேன். தேய்த்த கை அல்லவா, அதற்கு மறக்காது. நடுவில்தான் நின்றன. இரண்டு பக்கமும் வெறும் செம்பு.

"அப்ப எழுத்து அவ்வளவுதான். வெளிய எதுவும் விழல."

ஐந்தாறு வருஷம் அந்தக் கடை வாசலிலேயே என் தேடல் நின்றது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு காரணம் கொண்டுபோவேன். அவர் நாலு எழுத்துக் காசை எடுத்து வைப்பார்.

கடைசியில் அவர் சொல்வதை உண்மை என்று வைத்துக்கொண்டு தேடினேன். வழி உடனே கடலுக்கு அந்தப் பக்கம் போயிற்று. இதே காசைப் பற்றி நல்லூர் ஞானப்பிரகாசர் சுவாமிகள் 1920இலேயே எழுதியிருக்கிறார். இவை யாழ்ப்பாண அரசர்களின் காசுகள் என்பது அவர் முடிவு. 1926இல் வெளிவந்த தம் யாழ்ப்பாண வரலாற்று நூலில் முதலியார் இராசநாயகமும் இதையே சொன்னார். நிற்கும் மனித உருவம் இராசராசன் காசிலிருந்து இலங்கைக்குப் போய், அங்கே பல அரசர்கள் கையாண்ட பாணி. இராமநாதபுரத்துச் சேதுபதிகள் தலையெடுத்ததோ 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கீசியரிடம் விழுந்துவிட்டது. காசு அதற்கும் முந்தியது.

யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளுக்குச் சேதுகாவலர் என்று பட்டம். காளை அவர்கள் சின்னம். கேகாலைப் பக்கம் கொட்டகமவில் அவர்கள் விட்டுச்சென்ற தமிழ்க் கல்வெட்டின் தலைப்பிலும் 'சேது' என்ற இதே சொல்தான். அரசன் பெயர் காசில் இல்லை. ஏகாரத்துக்குத் தனிக் கொம்பு வருவதற்கு முந்தைய எழுத்து என்பதால், கண்ணுக்கு 'செது' என்றுதான் தெரியும்.

இந்த ஆரியச்சக்கரவர்த்திகளின் வேர் இராமநாதபுரத்துச் செவ்விருக்கை நாட்டில் இருக்கிறது என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். மாறவர்மன் குலசேகர பாண்டியனின் தளபதியாக ஓர் ஆரியச்சக்கரவர்த்தி இலங்கைக்குப் படை கொண்டுபோனதை மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சம் சொல்கிறது. 1344இல் இப்னு பதூதா புத்தளத்தில் பார்த்த ஆரியச்சக்கரவர்த்தியிடம் முத்தும் கப்பலும் நிறைய இருந்தன. எங்கள் கரையிலிருந்து போனவர்களின் காசு எங்கள் கரைக்கே திரும்பி வந்திருக்கிறது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ராசா கொடுத்த கதை பொய்த்துப்போன வருத்தமே இல்லை.

யாழ்ப்பாணத்துக்குப் போனேன். ஒரு வீட்டில் ஐந்து சேதுக்காசுகளைத் துணியில் கொட்டிக் காட்டினார்கள். ஒன்றை எடுத்துக்கொள்ளவும் சொன்னார்கள். உரிமம் இல்லாமல் தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக இலங்கைச் சட்டம் விடாது; நம் நாட்டிலும் அப்படித்தான். கையில் வைத்திருந்து, திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

போன வருஷம் மதுரையில் ஒரு நாணயக் கண்காட்சி. ஒரு மேசையில், காலமான சேகரிப்பாளர் ஒருவரின் பழைய தொகுப்பு. மூன்றாவது வரிசையில் காளை படுத்திருந்தது. முதலில் விளிம்பைப் பார்த்தேன். வார்த்துச் செய்த போலி என்றால் அரம் போட்ட தடம் இருக்கும். இதில் அடி விழுந்து தகடு பிளந்த சின்ன வெடிப்பு இருந்தது. லென்ஸில் கொம்பு தெரிந்தது, 'ச' தெரிந்தது, 'து'வின் சுழி தெரிந்தது. காளையின் மடித்த முன்னங்காலிடுக்கில் களிம்பு பச்சையாக அப்படியே இருந்தது. விலையைப் பேரம் பேசவில்லை. ரசீது வாங்கிக்கொண்டு நேராக இராமநாதபுரம் பஸ் ஏறினேன்.

பெரியவர் தளர்ந்திருந்தார். காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தராசில் வைத்தார். நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைவு.

"இதுல ஓட்டை இல்லையே."

"அப்பத்தா காசுலதான் இருந்துச்சு."

"எந்த இடத்துல?"

"பிறைக்கு மேல."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "செலவுக்கு வச்சிருக்கிறவன் காசை ஓட்டை போடமாட்டான் தம்பி. கட்டித் தொங்கவிட்டா மாடு நிமிந்து இருக்கணும், எழுத்து நேரா இருக்கணும்னு இடம் பார்த்துப் போட்டிருக்கான். கடலுக்குப் போறவன் சேதுவைக் கட்டிக்கிட்டுப் போயிருக்கான்."

அத்தனை வருஷமும் யார் அடித்த காசு என்றே தேடியிருக்கிறேன். துளை போட்ட கையை நினைத்ததே இல்லை. ஐயாவின் காலத்தில் அது எந்தக் கடையிலும் செல்லாத காசு. யாழ்ப்பாணத்து மணலில் பொறுக்கியிருக்கலாம், யாரோ கொடுத்திருக்கலாம். அவரே ஆணியும் சுத்தியலும் எடுத்திருக்கலாம், அவருக்கு முந்திய யாரோ எடுத்திருக்கலாம். எடுத்தவர் நேர்த்தியானவர். தேய்த்துக் கெடுத்த அன்று அப்பத்தா ஏன் எழுத்தை மட்டும் தடவிப் பார்த்தாள் என்பது எனக்கு அந்தக் கடை வாசலில்தான் விளங்கிற்று.

என் பதிவேட்டில் புதுக் காசுக்கு ஒரு பக்கம் எழுதினேன்: யாழ்ப்பாணம், ஆரியச்சக்கரவர்த்திகள், செம்பு, எடை, வாங்கிய தேதி. எதிர்ப்பக்கத்தை என்னிடம் இல்லாத காசுக்கு ஒதுக்கினேன். அதில் ஒரே வரி: பிறைக்கு மேல் ஓர் ஓட்டை.