ஸ்பானிஷா, ஹவாயனா?

கொல்கத்தா லால்பஜாரில் கிட்டார் வாங்கப் போனால் பழைய கடைக்காரர் முதலில் விலை சொல்லமாட்டார். "ஸ்பானிஷா, ஹவாயனா?" என்று கேட்பார். புதிய கடைகளில் அந்தக் கேள்வி கிடையாது. கிட்டார் என்றால் மார்போடு அணைத்து வாசிக்கும் ஸ்பானிஷ்தான், கேட்க என்ன இருக்கிறது? மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, ஓர் இரும்புத் துண்டைக் கம்பிகள்மேல் இழுத்து வாசிக்கும் ஹவாயன் கிட்டாரைத் தேடி வருகிறவர் அந்தக் காலத்து மனிதராக இருக்க வேண்டும், இல்லையென்றால் என்னைப்போல ஐம்பத்திரண்டு வயதில் புத்தி கெட்டவராக இருக்க வேண்டும்.

என் கேட்டுக்கு விதை திருச்சி வானொலி. ஒரு நிகழ்ச்சி முன்னதாக முடிந்துவிட்டால், மிச்சமிருக்கும் நிமிஷங்களை அடைக்க ஏதோ ஒரு வாத்திய இசை போடுவார்கள். தெரிந்த சினிமாப் பாட்டுதான். பாடுகிறவர் மட்டும் இருக்கமாட்டார். சொற்களை மறந்துவிட்ட யாரோ மூக்கால் இழுத்து இழுத்துப் பாடுவதுபோல இருக்கும். செய்தி தொடங்கியதும் பாதியில் கழுத்தைத் திருகிவிடுவார்கள். அந்தப் பாதிப் பாட்டுகள்தான் மனத்தில் நின்றன. வேலை மாற்றலாகிக் கொல்கத்தாவுக்கு வந்து, லேக் மார்க்கெட் பக்கம் வீடு பிடித்த முதல் வாரத்திலேயே மாடி வீட்டிலிருந்து அதே மூக்குக் குரல் கேட்டது. அதன் பெயர் ஹவாயன் கிட்டார் என்றும், ஒரு காலத்தில் இந்த ஊர் நடுத்தரக் குடும்பங்களில் ஹார்மோனியத்துக்கு அடுத்தபடி பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான் என்றும் அப்போது தெரிந்துகொண்டேன். வாங்கி வைக்க இன்னும் எட்டு வருஷம் ஆயிற்று.

லால்பஜார் காவல்துறைத் தலைமையகத்தைத் தாண்டினால் ரவீந்திர ஸரணி. ஊர்க்காரர்களுக்கு இன்னும் சித்பூர் ரோடுதான். இரண்டு பக்கமும் ஹார்மோனியம், தபலா, சிதார். கடைக்குப் பின்னால் ஒரு மரப்படி, படிக்கு மேலே நின்றால் தலை இடிக்கும் பரண். அங்கேதான் வேலை. கைலியும் கைவைத்த பனியனுமாக உட்கார்ந்திருந்தவருக்கு அறுபத்தைந்து இருக்கும். நான் அவரை 'தாதா' என்றேன், அவரும் என்னை 'தாதா' என்றார். இந்த ஊரில் முன்பின் தெரியாத இருவர் ஒருவருக்கொருவர் அண்ணன்தான். தம்பி யார் என்பது கடைசிவரை தெரியாது.

ஸ்பானிஷை ஹவாயனாக்குவது அவர் கையில் பத்து நிமிஷ வேலை. கம்பிகளைத் தளர்த்தி, கழுத்தின் தலைமாட்டில் இருக்கும் தந்தப் பட்டைமேல் ஓர் உயரமான இரும்புப் பட்டையைச் செருகி, மறுபடி முறுக்கினார். கம்பிகள் பலகையைவிட்டு மேலே எழும்பிவிட்டன. மெட்டுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, கம்பி அவற்றைத் தொடப்போவதில்லை. வீணையில் மெட்டு நம்மைத் தாங்கும். விரல் கொஞ்சம் முன்னே பின்னே விழுந்தாலும் ஸ்வரம் பிழைத்துக்கொள்ளும். இதில் மெட்டு வெறும் கோடு. நான் தாங்கிப்பிடிப்பேன் என்று அது வாக்குக் கொடுக்கவே இல்லை.

மின்சார ஹவாயன்தான் அவருடைய தனி வித்தை. ஒரே மரத்துண்டு, மெட்டுகூடக் கிடையாது, வர்ணத்தில் கோடு மட்டும். கம்பிகளுக்கு அடியில் காந்தம், காந்தத்தைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி பல ஆயிரம் சுற்று. கைத்துளையானை முடுக்கி அதை அவரே சுற்றுகிறார். நடுவில் அறுந்தால் முதலிலிருந்து. இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். மின்சார கிட்டார் என்றதும் ராக் பாடகர்கள்தான் நமக்கு நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் சந்தையில் முதலில் ஜெயித்த மின்சார கிட்டார் 1932இல் அமெரிக்காவில் ரிக்கன்பேக்கர் விற்ற ஹவாயன் ரகம். அலுமினியத்தில் வார்த்தது, வட்ட உடம்பு, நீளக் கழுத்து. 'ஃப்ரையிங் பான்' என்று பட்டப்பெயர். நம் பாஷையில் பிடி வைத்த தோசைக்கல்.

"இப்போது மாதம் எத்தனை போகும், தாதா?"

"மாதமா? வருஷத்தைக் கேளுங்கள்" என்றார் சிரிக்காமல்.

கற்றுக்கொடுப்பவர் பவானிப்பூரில் ஜகுபாபு பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் மாஸ்டர்மொஷாய். வயது எழுபத்து நான்கு. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நாங்கள் நான்கு பேர். ஓய்வுபெற்ற டிராம் கண்டக்டர் ஒருவர். கல்யாணத்தோடு கிட்டாரை மூட்டைகட்டி, முப்பது வருஷம் கழித்து அவிழ்த்த பள்ளி ஆசிரியை ஒருவர். எங்களுக்கு அவர் தீதி. மருந்துக் கம்பெனிப் பையன் ஒருவன். அப்புறம் நான்.

முதல் மூன்று வாரம் கம்பியைத் தொடவிடவில்லை. இடது கையில் அந்த எஃகு உருளையைப் பிடிப்பது மட்டும்தான் பாடம். கட்டைவிரலும் நடுவிரலும் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும், ஆள்காட்டி விரல் மேலே படுத்துக்கொள்ள வேண்டும். மோதிர விரலும் சுண்டு விரலும் உருளைக்குப் பின்னால் கம்பிகளைத் தடவிக்கொண்டே வர வேண்டும். அவை வராவிட்டால் உருளைக்குப் பின்புறம் இருக்கும் கம்பித்துண்டு தன் பாட்டுக்கு அதிர்ந்து ஒரு பேய்க்குரலைக் கிளப்பும். அழுத்தினால் கம்பி வளைந்து ஸ்வரம் ஏறிவிடும், அழுத்தாவிட்டால் தகரம்போல கரகரக்கும். நான் முதல் மாதத்தில் உருளையைக் கம்பிகள்மேல் போட்டது கணக்கில்லை. பாத்திரக்கடைக்குள் யானை புகுந்த சத்தம். கீழ் வீட்டுக்காரர் படியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார்.

சுருதி கூட்டுவது நமக்கு எளிது. ஹவாய்க்காரர்களின் பழைய முறைகளில் ஒன்றில் ஆறு கம்பியும் தடித்ததிலிருந்து மெல்லியதுவரை ச க ப ச க ப. சும்மா வருடினாலே சங்கராபரணத்தின் எலும்புக்கூடு கேட்கும். உருளையை நேராக வைத்து எந்தக் கோட்டுக்கு நகர்த்தினாலும் அந்த எலும்புக்கூடு மொத்தமும் கூடவே நகரும். சிக்கல் நகர்த்துவதில். என் கிட்டாரில் முதல் கோட்டுக்கு முப்பத்தாறு மில்லிமீட்டர் போக வேண்டும், பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குப் பத்தொன்பதுதான். ஒவ்வொரு கோட்டுக்கும் தூரம் குறைந்துகொண்டே வருகிறது. மேலே ஒரு மில்லிமீட்டர் தப்பினால் அரைஸ்வரத்தில் இருபதில் ஒரு பங்கு தப்பு. காகிதத்தில் அது ஒன்றுமில்லை. தம்புரா ஓடும்போது அது பல்லில் சிக்கிய நார்.

எனக்கு இன்னொரு வியாதியும் இருந்தது. காதெல்லாம் கர்நாடக சங்கீதம் என்பதால் எந்த ஸ்வரத்தில் போய் நின்றாலும் கை தானாக ஆடும். முதல் ரவீந்திர சங்கீதத்தை வாசித்து முடித்தேன். மாஸ்டர்மொஷாய் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "பாபா, தாகூருக்குக் குளிர்ஜுரமா?" என்றார். இவர்களுக்கு வேண்டியது மீண்ட். நாம் ஜாரு என்கிறோமே, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவது, அது. நம்மிடம் இதே சங்கதிக்கு கோட்டுவாத்தியம் இருக்கிறது. மெட்டில்லாத வீணை. மரத்துண்டு வழுக்கும்போதும் கமகம் அங்கே உயிராக இருக்கிறது. ஹவாயனிலும் நடுக்கம் உண்டு, அதை எங்கே நிறுத்துவது என்பதுதான் வித்தை. நிறுத்தக் கற்றுக்கொள்ள எனக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று. இன்னும் கோபம் வந்தால் கை ஆடுகிறது.

நட்பு நோட்டுப்புத்தகத்தில் ஆரம்பித்தது. தாகூர் பாடல்களின் ஸ்வரங்களை வங்காளத்தில் ஆகாரமாத்ரிக் முறையில் எழுதுவார்கள். அதில் கீழ் தைவதத்துக்கு மூச்சு சேராத 'த' எழுத்து, மேல் தைவதத்துக்கு மூச்சு சேர்ந்த 'த' எழுத்து. கீழ் நிஷாதம் 'ண', மேல் நிஷாதம் 'ந'. நம்மைப்போல் அடியில் ஒன்று, இரண்டு எண் போடுவது கிடையாது, எழுத்தே மாறிவிடும். வங்க எழுத்துகளை எட்டு வருஷத்தில் பஸ் பலகைகளிலிருந்து படித்துக்கொண்டேன், ஆனால் வாயால் ஸ்வரம் சொல்லும்போது தமிழ் நாக்குக்கு இரண்டு தைவதமும் ஒரே 'த'. தீதிக்கோ, வங்காளிகள் வாயில் ண, ந இரண்டும் ஒன்றே என்பதால், இரண்டு நிஷாதமும் ஒரே 'நி'. அவர் எனக்கு மூச்சுவிட்டுச் சொல்லும் 'த'வைச் சொல்லிக்கொடுத்தார். நான் அவருக்கு நாக்கை மடித்துச் சொல்லும் 'ண'வைச் சொல்லிக்கொடுத்தேன். "பொண்ணு, பணம், வெண்ணெய்" என்று பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் பவானிப்பூர் சந்தில் நின்றுகொண்டு உரக்கச் சொன்னதைக் கேட்டு டிராம்தாதாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மருந்துக் கம்பெனிப் பையன் செல்பேசியில் சுருதி காட்டும் செயலி வைத்திருக்கிறான். முள் நடுவில் நின்றால் பச்சை விளக்கு. முதலில் எங்களுக்கும் அது பெரிய ஆறுதலாக இருந்தது. ஸ்வரத்தில் போய் உட்கார்ந்த பிறகு சரியா தப்பா என்று அது சொல்லிவிடும். போகிற வழியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இந்த வாத்தியத்தில் பாட்டு முழுக்க அந்த வழியில்தான் இருக்கிறது. எப்போது கிளம்பினாய், நடுவில் எங்கே தயங்கினாய், சேரும்போது மேலிருந்து விழுந்தாயா, கீழிருந்து தொட்டாயா? வாசிக்கிறவன் காதும் இதில் நம்பத்தக்கதல்ல. அடுத்த ஸ்வரத்தை முன்கூட்டியே மனத்தில் கேட்டுவிடுவதால் கை சேராததும் சேர்ந்த மாதிரியே இருக்கும். ஆகவே எதிரே ஒருவர் உட்கார வேண்டும். வேறு வழியில்லை. நாங்கள் நால்வரும் ஒருவரையொருவர் பிடித்துப்போய்ச் சேரவில்லை, காது தேவைப்பட்டது, சேர்ந்தோம். டிராம்தாதா வாயைத் திறக்கவே மாட்டார். என் ஸ்வரம் தாழ்ந்தால் இடது கண் சுருங்கும், ஏறினால் வலது கண். இரண்டும் சுருங்கினால் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

டீக்கடை பெஞ்சில்தான் பழைய கதைகள். கம்பிமேல் இரும்பை இழுத்து வாசிக்கும் இந்த முறையைக் கண்டுபிடித்தவராக ஹவாய்க்காரர்கள் சொல்வது ஓவாஹு தீவில் லாயியே கிராமத்தில் பிறந்த ஜோசப் கெகுகுவை. 1880களில், சிறுவயதில், வழியில் கிடந்த துருப்பிடித்த போல்ட்டைக் கம்பியில் வைத்து இழுத்துப் பார்த்தார் என்பது கதை. பேனாக்கத்தி என்பார்கள், சீப்பு என்பார்கள். இந்தியாவில் பிறந்து, கப்பல்காரன் ஒருவன் தூக்கிக்கொண்டுபோய் ஹவாயில் விட்ட கேப்ரியல் டேவியன் என்பவர் அவருக்கும் முன்பே வாசித்தார் என்றொரு செய்தியும் உண்டு. தீதி இந்த இரண்டாவது கதையை விடுவதாயில்லை. என் கட்சி, யார் முதலில் என்பது பெரிய விஷயமில்லை, எப்படி இங்கே வந்து தங்கிற்று என்பதுதான் விஷயம். அதில் பெரும்பங்கு டாவ் மோவுடையது. சமோவாவில் பிறந்து அதே லாயியேயில் வளர்ந்தவர். 1928இல் ஒரு குழுவோடு ஊரைவிட்டுக் கிளம்பி மனைவி ரோஸ், பிள்ளைகளோடு அரை நூற்றாண்டுக்கு மேல் உலகம் சுற்றினார். 1940களின் பெரும்பகுதி அவர்களுக்குக் கல்கத்தாவில் கழிந்தது. ஊரில் ஒரு பக்கம் போர், ஒரு பக்கம் பஞ்சம், ஒரு பக்கம் கலவரம். அதற்கு நடுவில் அவர் மேடையில் வாசித்தார், பாடம் சொன்னார், கிட்டார் செய்தும் விற்றார். பிறகு ஊர் அதைத் தன் பாட்டுக்கு எடுத்துக்கொண்டது. கவிஞர் நஸ்ருலின் மகன் காஜி அனிருத்தா அப்பாவின் பாடல்களை இதில் வாசித்தார். படுக் நந்தி தாகூரை, சுனில் கங்குலி இந்திப் பாட்டுகளை இசைத்தட்டில் கொடுத்தார்கள். ஜோத்பூரிலிருந்து வந்த பிருஜ் பூஷண் காப்ரா அலி அக்பர் கானிடம் கற்று இதிலேயே ராக ஆலாபனை செய்தார். இந்த ஊரின் தேபாஷிஷ் பட்டாச்சார்யா கம்பிகளைக் கூட்டி இருபத்து நான்காக்கி 'சதுரங்கி' என்று பெயரிட்டார்.

"அதெல்லாம் மலை உச்சி. நமக்குப் படிக்கட்டு" என்பார் டிராம்தாதா, பையில் சில்லறை தேடிக்கொண்டே.

இந்த மழைக்காலத்தில் என் கிட்டாரில் மூன்றாவது கம்பி துருப்பிடித்துக் கரகரக்கத் தொடங்கியது. கம்பி மாற்றியும் போகவில்லை. தீதியையும் கூட்டிக்கொண்டு மறுபடி லால்பஜார் பரணுக்கு ஏறினேன். கைலிக்காரர் பார்த்ததும், "மத்ராஸி தாதா" என்றார். இரும்புப் பட்டையைக் கழற்றி விளக்கில் காட்டினார். கம்பி உட்காரும் பள்ளம் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. எலிவால் அரத்தால் நாலே இழுப்பு. மறுபடி பூட்டி, மடியில் போட்டு, ஒரு பழைய பாட்டின் முதல் வரியை வாசித்தார். தீதி என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு ஸ்வரமும் கனிந்து விழுந்தது. வரி முடிந்ததும் நிறுத்திவிட்டார்.

"மீதியும் வாசியுங்கள், தாதா" என்றார் தீதி.

"மீதி தெரியாது. நாற்பது வருஷமாக இந்த ஒரு வரிதான். கம்பி பார்க்க இது போதும்" என்று உருளையை என்னிடம் நீட்டினார். மிச்சத்தை நான் வாசித்தேன். அவர் அடுத்த வேலைக்குத் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது வரியின் நடுவில், திரும்பிப் பார்க்காமலே, கையைப் பின்னால் நீட்டி என் மூன்றாவது கம்பியின் திருகை ஒரு மயிரிழை முறுக்கிவிட்டு, அரத்தை எடுத்துக்கொண்டார்.