கறுப்புக் கோட்டின் பூர்வீகம்

மலேசியாவின் லுமுட்டில் போட்டுச் சாமான் விற்கும் கடைகளில் இப்போது தேக்குத் தளத்தைச் சுருட்டி வைத்து விற்கிறார்கள். விரித்தால் பழுப்பு நிறம், மர ரேகை, நான்கைந்து சென்டிமீட்டருக்கு ஒரு கறுப்புக் கோடு. மரம் மட்டும் அதில் மருந்துக்கும் கிடையாது.

மாமாவிடம் ஒரு பைபர் போட் இருக்கிறது. ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வரும் தூண்டில்காரர்களைச் செம்பிலான் தீவுகள் பக்கம் அழைத்துப் போவார். மேல்தளத்தில் பூசியிருந்த வழுக்காத பெயின்ட் தேய்ந்துவிட்டது. மீன் ரத்தமும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் அதில் கால் நிற்பதில்லை. புதுத் தளத்துக்கு எதைப் போடலாம், எப்படிப் போடலாம் என்று பார்த்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. மாதிரித் துண்டுகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். மாமா கேட்டது ஒரே கேள்விதான்.

"இந்தக் கறுப்புக் கோடு எதுக்குப்பா? கோடு இல்லாம வாங்கினா வெல கொறையுமா?"

கடைக்காரரிடம் கேட்டேன். கோடு இல்லாவிட்டால் தேக்கு மாதிரி தெரியாது என்றார். அது கேள்விக்குப் பதில் இல்லை. அசல் தேக்கில் அந்தக் கோடு எதற்காக வந்தது என்பதில் தொடங்கியதுதான் இந்தத் தேடல்.

கையிலிருந்த மாதிரிகள் இரண்டு வகை. ஒன்று ஈவா நுரை, காலணிகளின் அடிப்பாகத்துக்குப் பயன்படும் அதே பொருள். இரண்டு நிற அடுக்குகளை ஒட்டி, மேலே பழுப்பு, கீழே கறுப்பு என்று வைத்திருக்கிறார்கள். மேலடுக்கை இயந்திரத்தால் நேர்கோடாகச் சீவியெடுத்தால் அடியிலிருக்கும் கறுப்பு தெரிகிறது. அங்கே கோடு என்பது ஒரு பள்ளம். நகத்தை வைத்து இழுத்தால் உள்ளே இறங்குகிறது. மற்றது பிவிசி. பழுப்புப் பட்டையும் கறுப்புப் பட்டையும் மாறி மாறி வைத்து உருக்கி இணைத்தது. அதில் நகம் மேடு பள்ளம் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. இரண்டிலுமே கோடு எதையும் அடைக்கவில்லை, எதையும் இணைக்கவில்லை.

கோடு வேலை செய்வதைப் பார்க்க மரப் படகுதான் வேண்டும். லுமுட்டில் பெர்ரி ஏறினால் பங்கோர் தீவு. அங்கே சுங்கை பினாங் கெச்சிலில் சீனர்கள் மரப் படகு கட்டிவந்த பட்டறைப் பக்கம் போனேன். பராமரிப்புக்காகக் கரையேற்றியிருந்த ஒரு படகில் முதிய ஆசாரி ஒருவர் பலகைச் சந்துகளில் நாரை வைத்து, உளியால் தட்டித் தட்டி உள்ளே இறக்கிக்கொண்டிருந்தார். அதன்மேல் எண்ணெயும் சுண்ணாம்பும் குழைத்த களிம்பு. தமிழ்நாட்டுக் கடற்கரையில் இதைக் கலப்பத்து வேலை என்பார்கள். திரங்கானு மலாய்க்காரர்கள் செங்கால் மரப் பலகைகளுக்கு நடுவே கெலாம் மரத்தின் பட்டையை வைத்துக் கட்டினார்கள். தண்ணீர் பட்டால் பட்டை ஊறிச் சந்தை அடைத்துக்கொள்ளும்.

"தவுக்கே, மேல்தளத்துக்குத் தேக்கு போடுவீங்களா?" என்று மலாயில் கேட்டேன். சிரித்தார். இந்தக் கரையில் படகு என்றால் செங்கால்தான். தேக்கெல்லாம் வெள்ளைக்காரன் உல்லாசப் படகில் பார்த்ததோடு சரி என்றார். ஆக, மாமாவின் போட்டில் நாங்கள் ஒட்டப்போவது இந்த ஊர்ப் படகுகளின் நகல்கூட இல்லை.

படகின் அடிப்பாகம் எப்போதும் தண்ணீரில் கிடப்பதால் பலகை ஊதியே இருக்கும். மேல்தளத்தின் பாடு வேறு. காலையில் அலை நனைக்கும், நண்பகலில் வெயில் உலர்த்தும். பலகை சுருங்கி விரிகிற ஒவ்வொரு முறையும் சந்தும் அகன்று குறுகும். எந்த அடைப்பும் கூடவே இழுபட்டு மீள வேண்டும். ஐரோப்பியக் கப்பல்களில் பழைய கயிற்றைப் பிரித்தெடுத்த நாரைத் திணித்து, அதன்மேல் காய்ச்சிய கீலை ஊற்றினார்கள். அந்தக் கீல் குளிரில் விரிசல் விட்டது. வெயிலில் இளகி மாலுமிகளின் பாதத்தில் ஒட்டியது. கறுப்புக் கோட்டின் முதல் பிறவி அதுதான்.

அடுத்த பிறவியைப் படித்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1842இல் ஆல்பிரட் ஜெப்ரி என்ற ஆங்கிலேயர் ஒரு கடற்பசைக்குக் காப்புரிமை பெற்றார். ரப்பரை நாப்தாவில் கரைத்து, அதோடு அரக்கைச் சேர்த்து உருக்கியது. சூடாக்கிச் சந்தில் ஊற்றினால் ஆறிய பிறகும் நெகிழ்வு போகாது. கப்பல் தளங்களில் 'ஜெப்ரி கடற்பசை' நூறாண்டுக்கு மேல் புழங்கியது. அரக்கு இந்தியாவிலிருந்து போன சரக்கு. ரப்பரோ அன்று காட்டு மரங்களிலிருந்து கிடைத்தது.

ரப்பர் என்றதும் எனக்குப் பாட்டிதான் நினைவுக்கு வருவார். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இருட்டோடு பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு நிரைக்குள் இறங்குவார். மரத்தை வெட்டுவதற்கு முன்னால், முந்தைய வெட்டுக் கோட்டில் காய்ந்து கிடக்கும் பாலை நுனியில் பிடித்து இழுப்பார். அறுபடாமல் நீளமாக உரிந்து வரும். அதையும் பால் பிடிக்கும் மங்கின் அடியில் உறைந்திருப்பதையும் ஒட்டுப்பாலாகச் சேர்த்து, எடைக்குக் கொடுப்பார். பழைய தேக்குத் தளத்தைப் புதுப்பிக்கும்போது சந்திலிருந்து இழுத்தெடுக்கும் கறுப்பு அடைப்பை ஒரு படத்தில் பார்த்தேன். பாட்டி உரித்த ஒட்டுப்பால் நாடாவேதான்.

ஆனால் தேதிகளை ஒழுங்காக அடுக்கினால் ஜெப்ரியின் பசையில் ஆரம்பத்தில் பேராக் ரப்பர் இருந்திருக்க முடியாது. ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனது 1876இல். அவற்றிலிருந்து முளைத்த கன்றுகள் இலங்கை, சிங்கப்பூர் வழியாக இங்கே வந்தன. 1877இல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ, கோலகங்சாரில் சிலவற்றை நட்டார். அவற்றில் ஒரு மரம் மாவட்ட அலுவலகம் அருகே வேலி போட்டு இன்றும் காக்கப்படுகிறது. ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட்டைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன். தடித்து முடிச்சேறிய அடிமரம். நின்று பார்ப்பவர்கள் குறைவு. அந்த ஊர்க் கன்றுகளுக்குப் பின்னால்தான் காடழிப்பு, தோட்டங்கள், லயங்கள், தமிழ்நாட்டிலிருந்து கங்காணி கூட்டிவந்த சனம் எல்லாம் வந்தன.

தோட்ட ரப்பர் பெருகிய பிறகு நடந்ததுதான் மாமாவின் மாதிரித் துண்டுகளோடு நேராக ஒட்டுகிறது. முதல் உலகப்போருக்குப் பின் ரப்பர் விலை சரிந்தது. உற்பத்தியைக் கட்டுப்படுத்தி விலையைத் தூக்க பிரிட்டன் 1922இல் ஸ்டீவன்சன் திட்டத்தைக் கொண்டுவந்தது. 1925இல் விலை எகிறியது. உலகிலேயே அதிகமாக ரப்பர் வாங்கிய அமெரிக்காவுக்குக் கோபம். பயர்ஸ்டோன் லைபீரியாவில் தோட்டம் போட்டது, ஹென்றி போர்டு அமேசான் காட்டுக்குள் போனார். ரப்பருக்கு மாற்றாக எது கிடைத்தாலும் வரவேற்கும் காலமாக அது இருந்தது.

அந்தப் பத்தாண்டுக்குள் இரண்டு பொருள்கள் பிறந்தன. கான்சாஸ் சிட்டியில் ஜோசப் பேட்ரிக் என்பவர் கார் எஞ்சினில் தண்ணீர் உறையாமல் இருக்க ஒரு திரவம் தேடினார். கிடைத்தது கந்தக நாற்றமடிக்கும் ஒரு பிசின். ரப்பர்போல் நெகிழ்ந்தது, எண்ணெயிலும் பெட்ரோலிலும் கரையவில்லை. 1929இல் 'தயோகால்' என்ற பெயரில் அதற்கு ஒரு நிறுவனமே தொடங்கினார்கள். இரண்டாம் உலகப்போரில் அந்தப் பாலிசல்பைடு வகைப் பொருள் விமானங்களின் எரிபொருள் தொட்டிகளை அடைத்தது. போருக்குப் பிறகு படகுத் தளத்துக்கு இறங்கி, கீலையும் ஜெப்ரி பசையையும் ஓரங்கட்டியது. தேக்குத் தளத்தின் கறுப்புக் கோடு என்று நாம் இன்று அறிந்தது பெரும்பாலும் அதன் முகம்தான்.

இரண்டாவது, பிவிசி. ஒகையோ மாநிலத்தின் ஆக்ரன் ஊரில் பி.எப்.குட்ரிச் என்ற டயர் கம்பெனியின் ஆய்வகத்தில், 1926இல் வால்டோ செமன் ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்க ஒரு பசை தேடினார். உதவாதென்று ஒதுக்கப்பட்டிருந்த பிவிசியைக் கொதிநிலை உயர்ந்த கரைப்பான் ஒன்றில் சூடாக்கினார். பசை கிடைக்கவில்லை, வளைந்து நெகிழும் பிளாஸ்டிக் கிடைத்தது. மழைக்கோட்டு, மின்கம்பி உறை என்று போய், கடைசியில் போலித் தேக்காகவும் ஆனது.

ஆக, ஒன்று நெகிழ்வில் ரப்பருக்கு மாற்றான பிசின். மற்றது ரப்பரை ஒட்டப் பசை தேடிய இடத்தில் பிறந்த பிளாஸ்டிக். பழுப்பும் கறுப்பும் ரப்பரின் பங்காளிகள். ரப்பர் சந்தையின் எந்த மாற்றமும் தோட்டத்து மக்களுக்குச் செலவில்லாமல் வந்ததில்லை. 1930களின் மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தபோது, கூலிக்கு வழியில்லாமல் ஆயிரக்கணக்கான தமிழர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1942இல் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும் அமெரிக்காவுக்கு ரப்பர் நின்றது. செயற்கை ரப்பர் ஆலைகள் அங்கே போர்க்கால வேகத்தில் எழுந்தன. இங்கே தோட்டத்து ஆண்களை சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். போருக்குப் பின் ரப்பர் மீண்டும் விலைபோனாலும், செயற்கை ரப்பர் சந்தையை விட்டுப் போகவில்லை. பின்னால் நம் தோட்டங்களில் பால்மரம் சாய்ந்து செம்பனை ஏறியது.

தேக்கின் கதைக்கும் தமிழ்நாட்டில் ஒரு நுனி இருக்கிறது. நெப்போலியன் போர்களின்போது பிரிட்டனில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலைத் தேக்கு பம்பாய் கப்பல்துறைக்குப் போனது. 1817இல் அங்கே கட்டிய போர்க்கப்பல் 'டிரிங்கோமலி' இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது. ஆனைமலையில் வெட்டிய கட்டைகளைச் சறுக்கிவிட்ட இடம்தான் டாப்சிலிப். காடு மொட்டையான பிறகு பர்மாவின் பக்கம் திரும்பினார்கள். 2021 ராணுவப் புரட்சிக்குப் பின் மியன்மாரின் அரசு மர நிறுவனத்தின்மேல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் தடை விதித்தன. செல்வந்தர் படகுகளும் போலித் தேக்கைத் தேடுவதற்கு அது ஒரு காரணம்.

மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நம்ம பால்மரப் பலகையவே போட்டா என்ன?" என்றார். நியாயமான கேள்வி. வயதான ரப்பர் மரம் இங்கே நாற்காலியாகிறது, வீட்டுத் தரையாகிறது. ஆனால் அதில் மாவுச்சத்து அதிகம்; ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், வண்டு துளைக்கும். கடலுக்கு ஆகாது. தேக்கில் இயல்பாகவே எண்ணெய் இருக்கிறது, சுருக்கமும் குறைவு. அதனால்தான் அதற்கு அந்த மரியாதை.

பைபர் போட்டில் தேக்கின் நிலைமையும் மாறிவிட்டது. தண்ணீரைத் தடுப்பது பைபர்தான். அதன்மேல் ஒட்டும் அசல் தேக்குகூட ஒரு மெல்லிய மேற்பூச்சுதான். அதன் கறுப்புக் கோடும் படகுக்குள் தண்ணீர் இறங்காமல் காப்பதில்லை. கோடு வேலை இழந்தது பிவிசி வந்ததால் அல்ல. அசல் தேக்கு அலங்காரமான நாளிலேயே அதன் வேலை போய்விட்டது.

இருந்தும் கோட்டோடு வாங்கத்தான் சொன்னேன். காரணம், தளத்தை அடுக்கிப் பார்த்தபோது தெரிந்தது. முதலில் ஊடே தெரியும் பிளாஸ்டிக் தாளைத் தளத்தின்மேல் பரப்பி நாடாவால் ஒட்டினோம். ஓரம், மூடி, கயிறு கட்டும் கொக்கி, தண்ணீர் போகும் துளை எல்லாவற்றையும் மார்க்கர் பேனாவால் வரைந்தோம். முனையிலிருந்து பின்பக்கம் வரை நடுக்கோடு ஒன்று இழுத்து, ஒவ்வொரு தாளிலும் முனை எந்தப் பக்கம், மேல்பக்கம் எது என்று அம்புக்குறி போட்டோம். இல்லையென்றால் வெட்டுகிறவர் இடம் வலம் மாற்றிவிடுவார். இனி ஓரத்தைச் சுற்றி ஒரு பட்டை, நடுவில் அகலமான ஒரு பட்டை, இடையில் சிறுபட்டைகள். அவை நடுக்கோட்டுக்கு இணையாக ஓடலாம், அல்லது ஓரத்தின் வளைவோடு வளைந்து போகலாம். வளைவு அழகு, ஆனால் பொருள் வீணாகும். நேர்கோடு போதும் என்றார் மாமா. மூடியின்மேல் ஓடும் கோடு தளத்துக் கோட்டோடு பிசகாமல் சேர வேண்டும். அரை சென்டிமீட்டர் விலகினாலும் கண்ணுக்குத் தெரியும்.

அங்கேதான் கோட்டுக்குப் புது வேலை கிடைக்கிறது. இரண்டு தாள்கள் சேரும் இணைப்பைக் கறுப்புக் கோட்டில் விழவைத்தால் வெட்டு தெரியாது. மீன் கொக்கி கிழித்தால் கோட்டோடு கோடாக வெட்டி, அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம். நுரையில் வெட்டிய பள்ளம் தண்ணீரை வடிக்கும், பாதத்துக்குப் பிடி கொடுக்கும்.

நிறம் ஒன்றுதான் பாக்கி. கருந்தேக்கு நிறத்தில் நண்பகல் வெயிலில் வெறுங்காலை வைக்க முடியாது. பிவிசி இன்னும் மோசம். ஈவா நுரையில் வெளிர்சாம்பலைத் தேர்ந்தோம். எண்ணெய் காட்டாமல் வெயிலில் விட்ட அசல் தேக்கும் சாம்பல் நிறத்துக்குத்தான் வரும் என்று மாமாவைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். அவருக்கு அந்தச் சமாதானம் தேவைப்படவில்லை.

"தேக்கா இல்லையான்னு மீன் புடிக்க வர்றவன் கேக்க மாட்டான். வழுக்குதா, கால் சுடுதான்னுதான் கேப்பான். கோட்டோடயே சொல்லிடு, நாலு தாள் மேல்மிச்சமா எடுத்து வை. கிழிஞ்சா மாத்தணும்ல."