மங்களஜோடியின் உள்ளானும் லேப்டாப் வரையும் இறகும்

டிசம்பர் மாதம், காலை ஆறு மணி. மங்களஜோடியில் இருட்டு இன்னும் முழுதாக விலகவில்லை. சதுப்பை நோக்கிப் போகும் மண்கரையில் கார்கள் வரிசையாக நிற்கின்றன. இறங்குகிறவர்கள் கைக்குழந்தையைப் போல நீண்ட லென்ஸுகளை அணைத்துக்கொண்டு படகில் ஏறுகிறார்கள். மோட்டார் கிடையாது. படகோட்டி நீண்ட கழியை ஊன்றித் தள்ள, தட்டையான மரப்படகு புல்லுக்கும் சேற்றுக்கும் நடுவே சத்தமில்லாமல் நகர்கிறது.

புவனேஸ்வரத்திலிருந்து சுமார் 75 கிலோமீட்டர் தொலைவில், சிலிக்கா ஏரியின் வடகரையில் இருக்கும் கிராமம் இது. சிலிக்கா 1981இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அண்மை ஆண்டுகளின் ஜனவரி கணக்கெடுப்புகளில் ஏரி முழுவதிலும் 11 லட்சத்துக்கு மேல் பறவைகள் தென்பட்டன. வாத்துகளை யாரும் அடையாளம் கண்டுவிடலாம். சேற்றில் அலகைக் குத்தி நடக்கும் கரையோரப் பறவைகள்தான் ஆளைச் சோதிப்பவை. கருவால் மூக்கன், பேதை உள்ளான், பொறி உள்ளான், கொசு உள்ளான் எல்லாமே குளிர்காலத்தில் சாம்பலும் பழுப்புமாக ஒரே தினுசில் இருக்கும்.

படகோட்டிகளுக்கு இந்தக் குழப்பம் இல்லை. காரணம் கொஞ்சம் சங்கடமானது. 1990கள் வரை இந்த ஊரில் பலருக்குப் பறவை வேட்டைதான் பிழைப்பு. விஷம் வைத்தார்கள், வலை விரித்தார்கள், சுட்டார்கள். சதுப்பில் பறவைகள் சில ஆயிரங்களாகக் குறைந்த பிறகு, 2000ஆம் ஆண்டையொட்டி உள்ளூரிலேயே பாதுகாப்புக் குழு உருவாயிற்று. வேட்டைக்காரர்கள் காவல்காரர்களானார்கள், பிறகு வழிகாட்டிகளும் ஆனார்கள். பறவையின் நடையையும் குரலையும் கொண்டு தொலைவிலிருந்தே பெயர் சொல்லும் வித்தை பழைய தொழிலிலிருந்து வந்தது.

அந்தக் காலத்தில் பறவைக்குச் சாட்சி அதன் உடல். இப்போது புகைப்படம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

விடியல் வெளிச்சம் அழகானது, ஆனால் போதாது. ஐஎஸ்ஓவை 6400க்கு ஏற்றினால் படம் முழுக்க மணல் தூவியதுபோல் புள்ளிகள். வெயில் ஏறிய பிறகோ சேற்றின் மேல் கானல் அலைகிறது. எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸானாலும் இறகு கரைந்துதான் தெரியும். ஆக, நல்ல படத்துக்கு நடுவில் கிடைப்பது ஒன்றிரண்டு மணி நேரம்.

மீதியை மாலையில் அறையில் லேப்டாப் பார்த்துக்கொள்கிறது. 1990இல் போட்டோஷாப் வந்த காலம்தொட்டு வெளிச்சத்தைக் கூட்டுவதும் ஓரத்தை வெட்டுவதும் வழக்கம்தான். 2020க்குப் பின் வந்தவை வேறு ஜாதி. 2023 ஏப்ரலில் லைட்ரூமில் வந்த செயற்கை நுண்ணறிவு ‘டீநாய்ஸ்’ ஒரு க்ளிக்கில் மணலைத் துடைத்துவிடுகிறது. அதே ஆண்டு போட்டோஷாப்பில் வந்த ‘ஜெனரேட்டிவ் ஃபில்’, பறவையை மறைக்கும் புல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தைத் தானே நிரப்பித் தருகிறது. முன்பு குப்பைக்குப் போன படங்கள் இன்று சுவரில் தொங்குகின்றன. இதில் குறை சொல்ல ஏதுமில்லை, சுவரோடு நின்றால்.

கோரை உள்ளானை எடுத்துக்கொள்ளலாம். மங்களஜோடியின் புல்லோரங்களில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவை. ஊசிவால் உள்ளான் கிட்டத்தட்ட அதன் அச்சு. சந்தேகத்தைத் தீர்ப்பது வால். கோரை உள்ளானுக்குப் பொதுவாக 14 வாலிறகுகள். ஊசிவாலுக்கு 26 அளவில் இருக்கும், வெளிப்புறத்தவை குண்டூசிபோல மெலிந்திருக்கும். ஸ்வின்ஹோ உள்ளான் என்கிற மூன்றாவது ஆளுக்கு எண்ணிக்கை இரண்டுக்கும் நடுவே. அதாவது, சில மில்லிமீட்டர் அகல இறகுகளை எண்ணித்தான் பெயர் வைக்க வேண்டும்.

மங்கலான வாலை சாஃப்ட்வேரிடம் கொடுத்தால் என்ன ஆகும்? ஏராளமான படங்களைப் பார்த்துப் பழகிய அது, இந்த இடத்தில் இறகு இப்படித்தான் இருக்கும் என்று ஊகிக்கிறது. மிதமாக வைத்தால் பெரும்பாலும் சரியாகவே வரும். இழுத்துவிட்டால், கேமராவில் பதியாத இறகுக் கோடுகள் கூர்மையாக, நம்பும்படியாக முளைக்கின்றன. கானலின் நெளிவைக்கூட இறகின் வரியாக்கிவிடும். மங்கல் படம் ‘தெரியவில்லை’ என்று ஒப்புக்கொள்ளும். திருத்திய படத்துக்கு அந்த அடக்கம் கிடையாது.

மூக்கன் கூட்டத்திலும் இதே கதை. ஆயிரம் கருவால் மூக்கன்களுக்கு நடுவே அபூர்வமாக ஓர் ஆசிய டோவிச்சர் நிற்கலாம். மூக்கனின் அலகு அடிப்பக்கத்தில் இளஞ்சிவப்பு, டோவிச்சருக்கு முழுக்கக் கறுப்பு. விடியலின் மஞ்சளைப் போக்க நிறத்தைத் திருப்பும் கை கொஞ்சம் தாராளமானால் அந்த இளஞ்சிவப்பு காணாமல் போகும். அதைவிட மோசம் காலில் மாட்டிய அடையாளக் கொடி. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல ஆண்டுகளாக சிலிக்காவில் பறவைகளுக்கு வளையம் மாட்டி வருகிறது. கொடியின் எழுத்தைப் படித்தால்தான் அது எந்தப் பறவை என்பது தெரியும். மங்கிய 3ஐ சாஃப்ட்வேர் திருத்தமான 8 ஆக்கிவிட்டால், சாட்சியம் வேறொரு பறவையின் கணக்கில் ஏறும்.

இந்தப் படங்கள் ஆல்பத்தோடு நிற்பதில்லை. பலவும் ஈபேர்ட் தளத்தில் பதிவாகின்றன. எந்தப் பறவை எங்கே குறைகிறது என்று ஆய்வாளர்கள் பார்ப்பது அந்தப் பதிவுகளை வைத்தும்தான். வனவிலங்குப் படப் போட்டிகளில் பெரியவை திருத்தாத ‘ரா’ கோப்பைக் கேட்கத் தொடங்கிப் பல ஆண்டுகளாயிற்று. பரிசுக்குக் காட்டும் கண்டிப்பைப் பதிவுக்கும் காட்டினால் என்ன? அதற்கு ஆகும் செலவு ஹார்டு டிஸ்கில் கொஞ்சம் இடம். சுவருக்கு ஒரு படம், பதிவுக்கு வெட்டு மட்டும் விழுந்த மூலப்படம் என்று இரண்டாக வைத்துக்கொள்ளும் புகைப்படக்காரர்கள் இருக்கிறார்கள். இவர்களின் பதிவுப்படம் பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் இறகை எண்ணலாம், அல்லது எண்ண முடியாது என்றாவது சொல்லலாம்.

மறுநாள் காலை படகு அதே புல்லோரத்துக்குத் திரும்புகிறது. நேற்றைய படத்தில் வால் பிடிபடவில்லை. உள்ளான் உட்கார்ந்தே இருக்கிறது, பழுப்புப் புல்லில் இன்னொரு பழுப்பாக. குளித்து முடித்து இறகைக் கோதும்போதுதான் அது வாலை விசிறியாக விரிக்கும். படகோட்டி கழியைச் சேற்றில் ஆழ ஊன்றிப் படகை நிறுத்துகிறார், கையைக் காட்டி எல்லோரையும் அசையாமல் இருக்கச் சொல்கிறார். வெயில் ஏறக் கொஞ்ச நேரம்தான் பாக்கி.